மைசூரைப் பார்த்ததாக வைத்துக்கொண்டவர்கள்

சுற்றுலா வழிகாட்டி வேலையில் முதலில் தேய்வது செருப்பு, அடுத்தது தொண்டை, கடைசியில் பொறுமை. இதில் செருப்பை மட்டும்தான் கடையில் புதிதாக வாங்க முடிகிறது.

பத்தொன்பது வருஷமாக மைசூரில் இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறேன். அப்பா ரயில்வே உத்தியோகத்துக்காகக் கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து இங்கே வந்தவர். நான் பிறந்தது, படித்தது, கல்யாணம் செய்துகொண்டது எல்லாம் இங்கேதான். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம், வயிற்றுப்பாட்டுக்கு இந்தியும் இங்கிலீஷும். ஆகவே தமிழ்நாட்டிலிருந்து வேன் எடுத்துக்கொண்டு வருகிற கூட்டமெல்லாம் என் தலையில்தான் வந்து விழும். பெயர் கோமதி என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். ஐந்தே நிமிஷத்தில் "கைடம்மா" ஆகிவிடுவேன்.

பஸ் கண்டக்டர்கள், பாங்க் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர்கள், ஆஸ்பத்திரி நர்ஸுகள், விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவர்கள் என்று ஒரே கேள்விக்கு ஒரு நாளைக்கு நாற்பது தடவை பதில் சொல்கிற எல்லாரும் என் சொந்தக்காரர்கள். இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஊர் ஊராகப் போய் வந்தால் மனுஷனுக்கு மனசு விசாலமாகும் என்று மேடையில் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்களில் ஒருவராவது என்னோடு ஒரு நாள் வேனில் வந்திருந்தால் அந்தப் பேச்சைப் பாதியிலேயே நிறுத்தியிருப்பார்.

ஒன்பது இடம், ஒரே நாள்

ஈரோட்டிலிருந்து ஒரு குடும்பம், பதினான்கு பேர். தலைவர் சென்னியப்பன், ஜவுளி வியாபாரி. வேனின் முன்சீட்டில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு பட்டியலை மடியில் வைத்திருந்தார். சாமுண்டி மலையில் தொடங்கி பிருந்தாவனம் வரைக்கும் ஒன்பது இடங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இத்தனை நிமிஷம் என்று குறித்திருந்தது. ஒரு இடம் முடிந்ததும் சிவப்புப் பேனாவால் ஒரு டிக். அரண்மனைக்கு ஐம்பது நிமிஷம் கொடுத்திருந்தார். அதில் செருப்பு விடுகிற இடத்திலேயே பன்னிரண்டு போயிற்று. மயில் கண்ணாடிக் கூரைக்குக் கீழே அவருடைய கொழுந்தியாள் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். இவர் பின்னாலிருந்து இரண்டு கையையும் தட்டி, கோழியை விரட்டுகிற மாதிரி அவரை நகர்த்தினார்.

மத்தியானம் சோமநாதபுரத்துக்குப் போனோம். பன்னூர் வழியாக அத்தனை தூரம் குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேர்ந்தபோது, பட்டியல்படி இருபது நிமிஷம் தாமதம். லேசாகத் தூறலும் போட்டது. "ஐயா, எழுநூறு வருஷத்துக்கு மேல் பழைய கோயில். சிலை செய்தவன் தன் பேரையே பீடத்தில் செதுக்கி வைத்திருக்கிறான். வேறெங்கேயும் அவ்வளவு சுலபமாகப் பார்க்க முடியாது" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். வேன் ஜன்னலிலிருந்து வெளிச்சுவர் மட்டும்தான் தெரிந்தது. கொழுந்தியாள் எழுந்து பாதிப்படி இறங்கியும் விட்டார். சென்னியப்பன் பேனா மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து, ஒரு டிக் போட்டுவிட்டுச் சொன்னார்:

"மழையில யாரும் இறங்க வேண்டாம். பார்த்ததா வெச்சுக்கலாம். அடுத்தது எதுங்க?"

எந்த ஊர்?

ஒரே நாளில் இரண்டு கூட்டம் வாய்த்தது. காலையில் ஹூப்ளிப் பக்கத்திலிருந்து வந்த கன்னடக்காரர்கள். சுத்தமான கன்னடத்தில் ஒன்றரை மணி நேரம் பேசினேன். கடைசியில் ஒரு பெரியவர் என் பெயரைக் கேட்டு, நெற்றியைச் சுருக்கி, "தமிழா நீங்கள்? சொந்த ஊர் எது?" என்றார். மைசூர் என்றேன். "அது சரி, சொந்த ஊர்?" என்றார் மறுபடியும். நாற்பத்தாறு வருஷமாக நான் தண்ணீர் குடிக்கிற ஊர் அவருக்குப் போதவில்லை. சிரித்துச் சமாளித்தேன். உள்ளே எரிந்தது.

சாயங்காலம் சென்னைக் கூட்டம். அவர்களிடம் தமிழில் பேசினேன், அப்படியே மகாராஜா காலத்துக்குப் போய்வந்தோம். முடிந்ததும் ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கன்னடக்காரி மாதிரியே தெரியலை. தமிழ் எவ்வளவு நல்லாப் பேசறீங்க! எங்கே கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார். காலையில் விழுந்த அடி இன்னும் ஆறவில்லை எனக்கு. கொஞ்சம் வெடுக்கென்றே, "எங்க அம்மாகிட்ட" என்றேன். அவர் முகம் மலர்ந்து கேட்டார்:

"அப்போ உங்க அம்மாவும் கைடா?"

பதினாறு நாடுகள்

சுந்தரேசன் சார் பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவி அலமேலு அம்மாளோடு மூன்று நாள் வந்திருந்தார். பதினாறு நாடு சுற்றியவர் என்பது அவர் காரில் ஏறின பத்தாவது நிமிஷத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. சாமுண்டி மலையிலிருந்து ஊரைக் காட்டினால் ஸ்விட்சர்லாந்து மலை எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்வார். அரண்மனையைக் காட்டினால் பாரிஸ் அரண்மனையில் எத்தனை அறை என்று சொல்வார். நான் அவருக்கு மைசூரைக் காட்டினேனா, அவர் எனக்கு உலகத்தைக் காட்டினாரா என்று எனக்கே குழப்பம். ஹோட்டல் சாப்பாட்டைத் தொடவில்லை. "இங்கே சாம்பார்ல வெல்லம் போடறான்" என்று ஒரே வாக்கியத்தில் ஊரையே ஒதுக்கிவிட்டார். அறையிலேயே சின்ன மின்சாரக் குக்கரில் இட்லி. அந்தக் குக்கரும் பதினாறு நாடு போய்வந்ததாம். "எங்கே போனாலும் நம்ம பழக்கத்தை மட்டும் விடக்கூடாது" என்று எனக்கு அறிவுரை வேறு.

மூன்று நாளும் அலமேலு அம்மாள் பேசி நான் கேட்கவில்லை. கைப்பையையும் தண்ணீர் பாட்டிலையும் தூக்கிக்கொண்டு நாலடி பின்னால் வருவார். கடைசி நாள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில், கோட்டை மதிலுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் சூடாக மத்தூர் வடை போட்டுக்கொண்டிருந்தான். வெங்காயம் வறுபடுகிற வாசனை ரோட்டைத் தாண்டி வந்தது. சார் கார் நிறுத்தின இடம் சரியில்லை என்று டிரைவரோடு தகராறு பண்ணப் போயிருந்தார். அலமேலு அம்மாள் அந்தப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, "கோமதி, எனக்கு ஒண்ணு வாங்கித் தரியா?" என்று கேட்டார். என் பெயர் அவருக்கு மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

வாங்கிக் கொடுத்தேன். மதிலில் சாய்ந்து நின்று, தாளில் எண்ணெய் ஊறுவதைக்கூடப் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். இன்னொன்று வேண்டுமா என்று கேட்டேன். வாயைத் துடைத்துக்கொண்டே வேண்டாமென்று தலையாட்டினார். பிறகு கார் இருந்த பக்கம் பார்த்தபடி சொன்னார்:

"பதினாறு நாட்டுலயும் நான் இட்லிதாம்மா அவிச்சேன். இன்னிக்குத்தான் வெளியூர் வந்திருக்கேன்."

ஒட்டகச்சிவிங்கிக்கு எதிரே

ஒரு பள்ளிக்கூடம், எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகள், அறுபது பேர். மிருகக்காட்சிசாலையில் கூட்டம். பிள்ளைகள் வரிசையில் வந்தார்கள். வரிசை கலைந்தால் விசில். கூண்டுக்குக் கூண்டு பெயர்ப்பலகை இருக்கிறது இல்லையா, அதில் உள்ளதை நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும், ஊருக்குப் போனதும் அதற்கு மார்க் உண்டு. அதனால் அறுபது பிள்ளைகளும் புலியைப் பார்க்கவில்லை, புலியின் பலகையைப் பார்த்தார்கள். புலி ஒரு தடவை எழுந்து நின்று, சோம்பல் முறித்து, வாயைப் பிளந்து கொட்டாவியும் விட்டது. எங்கள் கூட்டத்தில் அதைப் பார்த்தது நான் ஒருத்திதான்.

ஒட்டகச்சிவிங்கி அடைப்புக்கு எதிரே ஒரு பெண் மட்டும் எழுதுவதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தாள். "மிஸ், அது தண்ணி குடிக்கக் குனிஞ்சா தலை சுத்தாதா?" என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனையோ வருஷத்தில் கேட்ட மிக நல்ல கேள்வி. பதில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் ஆசிரியை விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்:

"கேள்வியெல்லாம் ஸ்கூலுக்குப் போய்க் கேட்டுக்கலாம். இப்ப எழுது."

சங்கமத்துப் பாறை

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரியின் கிளைகள் மறுபடியும் ஒன்றுசேர்கிற சங்கமம். மழை முடிந்து தண்ணீர் வேகமாகப் போய்க்கொண்டிருந்த நேரம். கோயம்புத்தூரிலிருந்து வந்த ஆறு நண்பர்கள், எல்லாரும் நல்ல வேலையில் இருப்பவர்கள். படிக்கட்டைத் தாண்டி இறங்காதீர்கள் என்று இறங்குகிற போதே சொன்னேன். எச்சரிக்கைப் பலகையைத் தொட்டுக் காட்டினேன். பிரவீன் என்கிற பையன் அந்தப் பலகையோடு நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டான். அப்புறம் பேன்ட்டை மடித்துக்கொண்டு பாசி பிடித்த பாறைமேல் ஏறினான். நான் கத்தினேன். "ஒரே நிமிஷம்க்கா" என்று கையைக் காட்டினான். அந்தக் கை அப்படியே தண்ணீருக்குள் போயிற்று.

சிக்கண்ணா என்கிற பரிசல்காரர் மட்டும் அங்கே இல்லையென்றால் இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அவர் சத்தமே போடவில்லை. பரிசலை ஒரு சுற்றுச் சுற்றித் தண்ணீரோடு விட்டு, முப்பதடி தள்ளித் துடுப்பை நீட்டி, பையனின் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். கரையில் போட்டுக் குப்புறப் படுக்கவைத்து முதுகில் தட்டினார். தண்ணீர் வாயிலும் மூக்கிலுமாக வந்தது. நான் அவன் அம்மாவுக்கு என்ன சொல்வது என்று நினைத்துக்கொண்டே படியில் உட்கார்ந்துவிட்டேன். நண்பர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். சிக்கண்ணாவின் உள்ளங்கையில் துடுப்பு கிழித்து ரத்தம். பிரவீன் கண்ணைத் திறந்தான். இருமினான். நண்பன் ஒருவனின் முகத்தைத் தேடிக் கண்டுபிடித்து, உயிர் திரும்பி வந்த வாயால் முதன்முதலாகக் கேட்டான்:

"மச்சான், வீடியோ வந்துச்சா?"

பூ மார்க்கெட்டில்

மாதம்மா பூ மார்க்கெட்டில் மல்லிகை விற்கிறார். தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்து ஆள். வீட்டில் பேசுவது தமிழ்தான், கேட்டால் கொங்குநாட்டில் இருக்கிற மாதிரி இருக்கும். கடையில் கன்னடம். ஒரு தடவை நான் கூட்டிப்போன கூட்டத்தில் ஒருவர், கழுத்தில் கேமரா தொங்க, கூடைக்கு மேலே குனிந்து, "ஏம்மா, முழம் எவ்வளவு?" என்றார். மாதம்மா கன்னடத்தில் விலை சொன்னார். "தமிழ்ல சொல்லு" என்றார் இவர். மாதம்மா மறுபடியும் கன்னடத்திலேயே சொன்னார். அவ்வளவுதான். நாங்கள் இல்லையென்றால் உங்கள் ஊரில் வியாபாரம் ஏது, இத்தனை பேர் வருகிறோம், நாலு வார்த்தை தமிழ் கற்றுக்கொள்ளக்கூடாதா, இது என்ன திமிர் என்று ஆரம்பித்துவிட்டார். பூக்கூடையை விரலால் ஒரு தள்ளும் தள்ளினார். ஊருக்கு வந்து மூன்று மணி நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் "நன்றி" என்பதற்குக் கன்னடத்தில் என்ன என்று ஒருதரம்கூட என்னிடம் கேட்காத மனுஷர்.

நான் குறுக்கே போக இருந்தேன். மாதம்மா என்னைக் கையால் நிறுத்தினார். சிந்தின பூவை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கூடையில் போட்டு, ஈரத்துணியால் மூடி, பிறகு நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்:

"தமிழு நல்லாவே வருமுங்க. உங்களுக்கு விக்கத்தான் வரமாட்டேங்குது."

மேனேஜர் சொன்ன கணக்கு

நான் கொஞ்ச காலம் ஒரு டிராவல்ஸில் மாதச் சம்பளத்துக்கு இருந்தேன். பெயர் வேண்டாம், கம்பெனியும் இப்போது இல்லை. மேனேஜர் லோகேஷ் என்னைவிட வயதில் சின்னவர், மரியாதையான பிள்ளை. ஒரு நாள் கூப்பிட்டு, அரண்மனையை நாற்பது நிமிஷத்தில் முடியுங்கள், கோட்டையை வண்டியிலிருந்தே காட்டுங்கள், பட்டுக் கடைக்கும் சந்தனக் கடைக்கும் இரண்டு மணி நேரம் வையுங்கள், அங்கேதான் நமக்குக் கமிஷன் என்றார். வந்திருந்தவர்கள் திண்டுக்கல் பக்கத்திலிருந்து முதல்முறையாக ஊர் தாண்டி வந்த கூட்டுறவுச் சங்கத்துப் பெண்கள். மூன்று வருஷம் பேசிப்பேசி வீட்டில் அனுமதி வாங்கி வந்தவர்கள். அவர்களைக் கடைக்குள் அடைத்துவைத்துவிட்டு வெளியே நின்று டீ குடிக்க எனக்கு மனசு வரவில்லை.

கடையைத் தாண்டி வண்டியை விடச் சொன்னேன். கோட்டையிலும் ஆற்றங்கரையிலும் அணைக்கட்டிலுமாக சாயங்காலம் வரை அந்தப் பெண்கள் அலைந்தார்கள். அணையிலிருந்து தண்ணீர் பாயும் சத்தத்தைக் கேட்டு ஒருத்தி ஓவென்று கத்தினாள், மற்றவர்களும் சேர்ந்து கத்தினார்கள். நானும் கத்தினேன். மறுநாள் காலை லோகேஷ் என் எதிரில் உட்கார்ந்து என் ராஜினாமாவை அவரே டைப் செய்தார். அந்தப் பெண்கள் ஊருக்குப் புது மனுஷிகளாகப் போனார்கள், அது உங்களுக்குக் கண்ணில் படவில்லையா என்று நான் சத்தம் போட்டேன். அவர் கோபப்படவே இல்லை. பிரின்டரிலிருந்து தாளை உருவிக்கொண்டே சொன்னார்:

"மேடம், எல்லாருக்கும் மனசு விரிஞ்சுட்டா பஸ்ஸுல சீட்டு பத்தாது."

சாரம்

எங்கள் பக்கத்து மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். செல்வி அங்கே சித்தாள், தமிழ்நாட்டில் செங்கம் ஊர்க்காரி. நான்கு வருஷமாக மைசூரில் வீடு மாற்றி வீடு கட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீர் வாங்க வரும்போது, "அரண்மனை உள்ள எப்படிக்கா இருக்கும்?" என்று கேட்டாள். நான்கு வருஷமாகியும் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வா, நான் காட்டுகிறேன் என்றேன். இரண்டு பெண் பிள்ளைகளையும் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி அழைத்து வந்தாள். வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்ற ஒருவர், நல்ல வெள்ளைச் சட்டைக்காரர், மூக்கை இடது கையால் மூடிக்கொண்டு, "இவங்களுக்கெல்லாம் இங்க என்ன புரியப்போகுது" என்று தன் மனைவியிடம் தமிழில் சொன்னார். செல்விக்கும் தமிழ் தெரியும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "புரியாதது இருந்தா நான் சொல்லிக்கறேன் சார். உங்களுக்கு வேணும்னாலும் பின்னாடியே வாங்க" என்றேன், சுற்றியுள்ள எல்லாருக்கும் கேட்கும்படி.

உள்ளே போய் என் வழக்கமான பாட்டை ஆரம்பித்தேன். வெள்ளிக் கதவு, தந்த வேலைப்பாடு, தங்க அம்பாரி. செல்வி ம் ம் என்று கேட்டுக்கொண்டாள். தர்பார் மண்டபத்துக்கு வந்ததும் நின்றுவிட்டாள். எல்லாரும் பார்க்கிற ஓவியங்களை அவள் பார்க்கவில்லை. தூணைத் தட்டிப் பார்த்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு தூண் வரிசையின் நேரைப் பார்த்தாள். பிறகு வளைவுகள் போய்ச் சேர்கிற கூரையை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவு உசரத்துக்குச் சாரம் எதுலக்கா கட்டுனாங்க? மூங்கிலா, சவுக்கா? சாமானை மேல ஏத்துனது யாரு, எங்கள மாதிரி பொம்பளைங்களா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. வார்ப்பிரும்புத் தூண் கப்பலில் வந்த கதை தெரியும், விளக்குகள் எத்தனை என்று தெரியும், எந்த மகாராஜா எந்த நாற்காலியில் உட்கார்ந்தார் என்று தெரியும். சாரம் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் கூச்சமாக இருந்தது. "அதெல்லாம் எங்கேயும் எழுதி வைக்கலை செல்வி" என்று மழுப்பினேன். வெள்ளைச் சட்டைக்காரர் அதற்குள் எங்களைத் தாண்டி, செல்பி எடுத்துக்கொண்டே வெளியே போய்க்கொண்டிருந்தார். செல்வி கூரையிலிருந்து கண்ணை எடுக்காமல், குற்றம் சொல்கிற குரலே இல்லாமல் கேட்டாள்:

"பத்தொம்பது வருஷமா வந்து போறீங்களேக்கா, யாரையாச்சும் கேட்டுப் பார்த்திருக்கலாம்ல?"

நானே ஒரு தடவை

போன டிசம்பரில் என் மகள் அனு என்னைத் தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவளுக்குப் பெங்களூரில் வேலை. கன்னடம்தான் அவளுக்குச் சரளம். தமிழை யோசித்து யோசித்துப் பேசுவாள். அத்தனை பேருக்கு ஊர் காட்டுகிறாயே, நீ எந்த ஊரைப் பார்த்தாய் என்று கேட்டு டிக்கெட் எடுத்துவிட்டாள். உண்மைதான். அப்பா பிறந்த ஜில்லாவையே நான் பார்த்ததில்லை. பெரிய கோயிலைக் காட்ட மீனா என்று ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும், இந்த வேலைக்குப் புதுசு, குரல் கொஞ்சம் நடுங்கியது.

நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். அவள் விமானத்தைப் பற்றி ஆரம்பித்தாள். எங்கள் சோமநாதபுரத்தில் நுணுக்கம் இதைவிட அதிகம் என்றேன். நந்தியைக் காட்டினாள். சாமுண்டி மலை நந்தியும் ஒரே கல் என்றேன். ஒரு வருஷத்தைத் தப்பாகச் சொன்னாள், திருத்தினேன். நிறுத்தி நிதானமாகப் பேசு, மூச்சு வாங்காதே என்று தொழில் வேறு சொல்லிக்கொடுத்தேன். காலையில் குடித்த காபி எங்கள் ஊர்க் காபி மாதிரி இல்லை என்பதையும் விட்டுவைக்கவில்லை. அனு இரண்டு தடவை என் முழங்கையைக் கிள்ளினாள். மீனாவின் முகம் வாடிக்கொண்டே வந்தது. அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். பத்தொன்பது வருஷமாக சாயங்காலம் வீட்டுக்கு வந்து கண்ணாடியில் நான் பார்க்கிற முகம். அப்படியும் வாய் நிற்கவில்லை.

சாயங்கால வெயில் விமானத்தில் விழுந்து கல் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் கையிலிருந்த குறிப்புத் தாளை நாலாக மடித்தாள். அவள் சொன்னதைக் கேட்டதும் முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, நேற்று வந்த பெண் எனக்குச் சொல்வதா என்று. அடுத்த நிமிஷம் காது சுட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கல்தரையில் பகலின் சூடு இன்னும் இருந்தது. அனு என் தோளில் சாய்ந்துகொண்டாள். கிளிகள் கூட்டமாக வந்து மாடங்களில் அடைந்தன. அப்பா சின்னப் பையனாக இதே தரையில் ஓடியிருப்பாரா என்று நினைத்தேன். அவரிடம் அதையும் நான் கேட்டதில்லை. இருட்டும் வரை ஒருவரும் பேசவில்லை. மீனா அவ்வளவு மரியாதையாக, அவ்வளவு களைப்பாகச் சொன்னது இதுதான்:

"அம்மா, ஒரு அஞ்சு நிமிஷம் நான் பேசாம இருக்கேன், நீங்களும் பேசாம இருங்க, கோயிலைப் பார்க்கலாம்."

ஊர் சுற்றினால் மனசு விரியுமா என்று எனக்கு இன்னும் தெரியாது, வாயை மூடினால் கண் திறக்கிறது என்பது மட்டும் தெரிந்துவிட்டது, ஆனால் நாளைக்குக் காலை ஏழு மணிக்குக் கரூரிலிருந்து ஒரு வேன் வருகிறது, அவர்களிடம் இதையும் நான் வாயைத் திறந்துதான் சொல்லியாக வேண்டும்.